வரிசையும் கணக்குதான்: பட்டாசுக் கிட்டங்கியும் கையடக்கக் கருவியும்



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் இலக்கியமும் வரலாறும் பேசுவதே வழக்கம். இந்த ஆண்டு ஒரு தொழில்நுட்பப் பொருளைப் பேச இசைவளித்த நிர்வாகிகளுக்கு முதலில் என் நன்றி. நான் எடுத்துக்கொண்ட பொருள் பார்வைக்குச் சிறியது. கையடக்கக் கருவியில் பதிந்த விவரங்கள் அலுவலகக் கணினியோடு சேர்வதைத்தான் 'சிங்க்' என்கிறோம். அப்படிச் சேரும்போது பதிவுகளின் முன்பின் மாறிப்போனால் என்ன ஆகும்? அதை எப்படிக் கண்டுபிடிப்பது? எப்படிச் சரிசெய்வது? இந்தக் கேள்விகளை விருதுநகர் மாவட்டத்தில் வைத்துப் பேசுவதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. வேறு தொழில்களில் வரிசை மாறினால் பணக்கணக்கு குழம்பும். வெடிமருந்துத் தொழிலில் பாதுகாப்பின் சாட்சியமே குழம்பிவிடும்.

சிட்டையும் பேரேடும்

1922இல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். மழை பொய்த்த கரிசல் பூமியில் ஒரு தொழில் வேர்பிடித்தது அப்படித்தான். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசும், பட்டாசின் மேலட்டைக்காக அச்சுத் தொழிலும் வளர்ந்தன. 1940ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் வந்தபின் உரிமம் பெற்ற ஆலைகள் எழுந்தன. உரிமம் வந்த நாளிலிருந்து கணக்கும் கூடவே வந்தது. இன்று நடப்பில் இருப்பவை 2008ஆம் ஆண்டின் விதிகள். உரிமம் தரும் அலுவலகத்தை வைத்து டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்) லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், நாக்பூர் லைசென்ஸ் என்று சிவகாசியில் ஆலைகளைப் பேச்சு வழக்கில் பிரித்துச் சொல்வார்கள். எந்த வகையாக இருந்தாலும் எவ்வளவு மருந்து வைக்கலாம், ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. வந்தது, போனது, இருப்பது மூன்றையும் பதிவேட்டில் எழுதி, ஆய்வுக்கு வரும் அதிகாரி கேட்டால் காட்ட வேண்டும்.

விருதுநகர்ப் பேட்டையில் வத்தலும் மல்லியும் பருப்பும் எண்ணெயும் விற்ற வணிகர்களிடம் இதற்கு முன்பே ஒரு தேர்ந்த கணக்கு முறை இருந்தது. அன்றாடம் நடப்பதை நடக்கும் வரிசையிலேயே சிட்டையில் எழுதுவார்கள். பிறகு கணக்குப்பிள்ளை உட்கார்ந்து, ஆள்வாரியாகவும் சரக்குவாரியாகவும் பேரேட்டில் ஏற்றுவார். பேரேட்டில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் சிட்டையின் பக்க எண் இருக்கும். ஒருவருடைய பாக்கியில் சந்தேகம் வந்தால் பேரேட்டிலிருந்து சிட்டைக்குப் போய்ப் பார்ப்பார்கள். என்ன நடந்தது என்பதைப் பேரேடு சொல்லும். எதன்பின் எது நடந்தது என்பதைச் சிட்டை சொல்லும்.

இன்றைய மென்பொருள்களில் பெரும்பாலானவை பேரேட்டை மட்டும் வைத்துக்கொண்டு சிட்டையைக் கைவிட்டுவிட்டன. இன்று நான் பேசப்போகும் கோளாறுகளில் பெரும்பகுதி அதிலிருந்துதான் பிறக்கிறது.

தொடர்பு அறுந்த இடத்தில் பிறக்கும் பதிவு

கையடக்கக் கருவி நமக்குப் புதிதல்ல. பேருந்து நடத்துநர் கையில் டிக்கெட் மெஷின் இருக்கிறது. 2017இல் ஸ்மார்ட் குடும்ப அட்டை வந்தபின் ரேஷன் கடை விற்பனை முனையக் கருவியை ஊர்ப் பெண்கள் எல்லோரும் அறிவார்கள். தீபாவளிக்குப் பல மாதம் முன்பே ஊர் ஊராகப் போய் ஆர்டர் எடுக்கும் விற்பனைப் பிரதிநிதியின் கையில் மொபைல் போன் இருக்கிறது. லாரி செட்டில் பார்சலை எண்ணுகிறவரிடம் பார்கோடு படிக்கும் கருவி இருக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. பதிவு பிறக்கும் இடத்தில் சர்வரோடு தொடர்பு இருக்கும் என்று நம்ப முடியாது. பட்டாசுத் தொழிலில் இது இன்னும் கூடுதல். ஆலை வளாகத்துக்குள்ளும் வெடிபொருள் இருப்பு வைக்கும் மேகசினுக்குள்ளும் மொபைல் போனுக்கு அனுமதி கிடையாது. தீப்பொறிக்கு வாய்ப்பு உள்ள எதுவும் அங்கே நுழையக் கூடாது என்பது உயிர் காக்கும் விதி; அதைத் தளர்த்தும் பேச்சுக்கே இடமில்லை. ஆகவே உள்ளே காகிதத்தில் குறித்ததை வெளியே வந்து கருவியில் ஏற்றுகிறார்கள், அல்லது வளாகத்துக்கு வெளியே வாசலில் பதிகிறார்கள். அது சர்வரைச் சேர்வது மாலையிலோ மறுநாள் காலையிலோதான். நடந்த நேரம், பதிந்த நேரம், அனுப்பிய நேரம், சேர்ந்த நேரம் என்று ஒரே நிகழ்வுக்கு நான்கு நேரங்கள் உண்டாகிவிடுகின்றன. எந்த நேரத்தை வைத்து வரிசை கட்டுவது என்பதை மென்பொருள் எழுதுகிறவர் முன்கூட்டியே முடிவு செய்யாவிட்டால், கருவி தன் போக்கில் ஒன்றை எடுத்துக்கொள்ளும்.

கூட்டல் சரி, கணக்கு தவறு

விளக்கத்துக்காக ஒரு மேகசினைக் கற்பனை செய்துகொள்வோம். அதன் உரிம அளவு 5,000 கிலோ. காலை இருப்பு 4,600 கிலோ. முற்பகலில் லாரியில் 1,200 கிலோ வெளியே போகிறது. இருப்பு 3,400. பிற்பகலில் ஆலையிலிருந்து 1,500 கிலோ உள்ளே வருகிறது. இருப்பு 4,900. நாள் முழுவதும் வரம்புக்குள்தான் நடந்திருக்கிறது.

வெளியே போனதைப் பதிந்தவர் ஒருவர். உள்ளே வந்ததைப் பதிந்தவர் வேறொருவர். இரண்டு பேரிடமும் தனித்தனிக் கருவி. இரண்டாமவர் அன்று மாலையே அலுவலகம் வந்து சிங்க் செய்துவிட்டார். முதலாமவர் லாரியோடு போய்விட்டு மறுநாள் காலையில் சிங்க் செய்தார். பதிவுகள் வந்து சேர்ந்த வரிசையில் சர்வர் எண் கொடுத்தது. இப்போது கணக்கைப் பாருங்கள். காலை 4,600, முதலில் 1,500 வரவு, இருப்பு 6,100. பிறகு 1,200 பற்று, இருப்பு 4,900.

கடைசி இருப்பு இரண்டு கணக்கிலும் 4,900தான். கூட்டிப் பார்த்த கணக்காளர் சரி என்று கையெழுத்திடுவார். ஆனால் இரண்டாவது கணக்கின்படி அந்த மேகசினில் ஒரு கட்டத்தில் வரம்பைத் தாண்டி 1,100 கிலோ இருந்திருக்கிறது. விதி மீறாத உரிமதாரர் மீறியவராகப் பதிவில் நிற்கிறார். இதன் மறுபக்கம் இன்னும் மோசமானது. உண்மையிலேயே வரவு முந்தி, பற்று பிந்தி, வரம்பு மீறப்பட்டிருந்தால், வரிசை புரண்ட பதிவு அந்த மீறலை மறைத்துவிடும். அடுத்த ஆண்டும் அதே நாளில் அதே மீறல் நடக்கும்; யாருக்கும் தெரியாது.

கூட்டலுக்கு வரிசை வேண்டாம். இடையில் எட்டிய உச்சத்துக்கு வரிசை வேண்டும். வெடிபொருள் விதிகள் கவலைப்படுவது மாலை இருப்பைப் பற்றி மட்டும் அல்ல. எந்த நொடியிலும் வரம்பைத் தாண்டக் கூடாது என்பதுதான் அவற்றின் நோக்கம். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தை இந்த அவையில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஆலைகளில் வரம்புகள் ஏன் இருக்கின்றன என்பதை அத்தகைய நாள்கள் நமக்குக் கற்பித்திருக்கின்றன. மென்பொருள் விபத்தைத் தடுக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வரம்பு காக்கப்பட்டதா என்று பின்னால் கேட்கிறவருக்கு உண்மையான விடை சொல்லும் பொறுப்பு அதற்கு இருக்கிறது.

ஆலை வாசலில் ஆள் வருகைப் பதிவும் இப்படித்தான். நால்வருக்கு மட்டுமே அனுமதி உள்ள அறையில் ஒருவர் வெளியே போன பிறகு இன்னொருவர் உள்ளே போகிறார். போன பதிவு பிந்தி வந்தால் திரை ஐந்து பேர் என்று காட்டும். அப்படித் தவறாகச் சிலமுறை எச்சரித்துவிட்டால், உண்மையான எச்சரிக்கை வரும் நாளில் போர்மேன் அதைப் பொருட்படுத்த மாட்டார்.

பைலட் கற்பித்த பாடம்

கையடக்கக் கருவிகளில் இந்தச் சிக்கலுக்கு வயது ஏறத்தாழ 30 ஆண்டு. 1996இல் பாம் கம்ப்யூட்டிங் நிறுவனத்தின் 'பைலட்' என்ற சட்டைப்பைக் கருவி வந்தது. ஒரு தொட்டிலில் வைத்துப் பொத்தானை அழுத்தினால் கணினியோடு விவரங்களைச் சேர்த்துக்கொள்ளும். அதற்கு 'ஹாட்சிங்க்' என்று பெயர்.

பைலட்டின் டேட்டாபேஸில் ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு அடையாளங்கள் இருந்தன. ஒன்று, பட்டியலில் அது எத்தனையாவதாக நிற்கிறது என்ற இட எண். மற்றொன்று, அந்தப் பதிவுக்கே உரிய நிரந்தர எண். முன்னால் ஒரு பதிவை நீக்கினால் பின்னால் உள்ள எல்லாவற்றின் இட எண்ணும் மாறும். நிரந்தர எண் மாறாது. சிங்க் நடக்கும்போது கணினியிலிருந்து வரும் புதிய பதிவு எங்கே நிற்க வேண்டும் என்று அந்த ஏற்பாட்டுக்குத் தெரியாது. பட்டியலின் கடைசியில் கொண்டுபோய் வைத்துவிடும். வரிசை வேண்டும் என்றால், சிங்க் முடிந்த செய்தி கிடைத்தவுடன் அந்தச் செயலி தானே மறுபடி வரிசைப்படுத்திக்கொள்ள வேண்டும்.

பெயர் வரிசையில் நிற்கும் முகவரிப் பட்டியலுக்கு இது சிரமமில்லை. பெயரை வைத்து மறுபடி அடுக்கிவிடலாம். பயனரே கையால் முன்பின் மாற்றி வைத்த குறிப்புகளுக்குத்தான் ஆபத்து. அந்த முன்பின் பதிவின் உள்ளே எங்கும் எழுதப்படவில்லை. அது நின்ற இடத்தில் மட்டும் இருந்தது. இடம் போனதும் வரிசையும் போயிற்று. கருவிகள் மாறிவிட்டன, பைலட்டை இன்று யாரும் பயன்படுத்துவதில்லை. நிற்கும் இடத்தை வரிசையாக நம்பும் பழக்கம் மட்டும் இன்னும் மாறவில்லை.

நம்பக் கூடாத மூன்று வரிசைகள்

முதலாவது, சேமிப்பின் வரிசை. இன்று பெரும்பாலான மொபைல் போன்களுக்குள் இருக்கும் டேட்டாபேஸ் 'எஸ்க்யூலைட்'. எந்த வரிசையில் வேண்டும் என்று கேள்வியில் தெளிவாகச் சொல்லாவிட்டால், எந்த வரிசையில் தருவது என்பதற்கு எந்த டேட்டாபேஸும் உத்தரவாதம் தராது. சோதனையில் 10 பதிவுகள் நேராக வந்திருக்கும். தீபாவளிச் சீசனில் ஆயிரக்கணக்கில் பதிவுகள் ஏறும்போது புரண்டு வரும். எஸ்க்யூலைட்டின் உள் எண்ணிலும் ஒரு நுட்பம் உண்டு. தனிக் கட்டளை இல்லாதபோது, கடைசிப் பதிவை நீக்கிவிட்டுப் புதிதாக ஒன்றைச் சேர்த்தால் நீக்கிய எண்ணே மறுபடி புதியதற்குக் கிடைக்கும். பழைய பதிவை ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கும் சர்வர், இரண்டையும் ஒன்றென்று எண்ணிக் குழம்பும்.

இரண்டாவது, வந்து சேர்ந்த வரிசை. மேகசின் எடுத்துக்காட்டில் பார்த்தது இதுதான். ஒரே கருவிக்குள்ளும் இது நடக்கும். 50 பதிவுகளை ஒரு கட்டாக அனுப்பும்போது சிக்னல் அறுகிறது. அடுத்த கட்டு போய்ச் சேர்ந்துவிடுகிறது. முதல் கட்டு பிறகு மறுமுயற்சியில் போகிறது. அல்லது முதல் கட்டு போய்ச் சேர்ந்து, பெற்றுக்கொண்டேன் என்ற பதில் மட்டும் வழியில் தொலைகிறது; கருவி மறுபடி அனுப்ப, ஒரே சரக்கு இரண்டு முறை ஏறிவிடுகிறது. பில்லின் தலைப்பு வருமுன் அதன் உருப்படிகள் வந்துவிட்டால், தாய்ப்பதிவு இல்லை என்று சர்வர் தள்ளிவிடும். ரத்து என்ற செய்தி ஆர்டருக்கு முன்னே வந்தால், இல்லாத ஆர்டரை ரத்து செய்ய முடியாமல் விட்டுவிட்டு, பின்னால் வரும் ஆர்டரை உயிரோடு வைத்துக்கொள்ளும். வாடிக்கையாளர் வேண்டாம் என்ற சரக்கு லாரி ஏறும்.

மூன்றாவது, கடிகார வரிசை. நேரம் இருக்கிறதே, அதை வைத்து அடுக்கலாமே என்று முதலில் எல்லோருக்கும் தோன்றும். கருவிக்குள் இருக்கும் குவார்ட்ஸ் கடிகாரம் பத்து லட்சத்துக்கு 20 பங்கு விலகுகிறது என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.7 விநாடி. இரண்டு மாதச் சீசனில் ஒன்றே முக்கால் நிமிடம். இரண்டு கருவிகள் எதிரெதிராக விலகினால் வேறுபாடு இரட்டிப்பாகும். இதைவிடப் பெரிய ஆபத்து, சார்ஜ் தீர்ந்து தேதி பழைய ஆண்டுக்குப் போவதும், யாரோ கையால் நேரத்தை மாற்றுவதும். உலகப் பொது நேரத்தையும் இந்திய நேரத்தையும் கலந்து பதியும் மென்பொருளும் உண்டு. இரண்டுக்கும் ஐந்தரை மணி நேர வேறுபாடு. விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பிய லாரி முந்தைய நாள் கணக்கில் போய் உட்காரும்.

எதற்குப் பின் எது?

1978இல் லெஸ்லி லாம்போர்ட் என்ற அமெரிக்கக் கணிப்பொறி அறிஞர் இந்தச் சிக்கலின் வேரைத் தொட்டு ஒரு கட்டுரை எழுதினார். தனித்தனி இயந்திரங்களில் நடப்பவற்றுக்குக் கடிகாரத்தை விட்டுவிட்டு, எது எதற்குக் காரணமாக இருக்க முடியும் என்று பாருங்கள் என்றார். ஏற்றுச்சீட்டைப் பார்த்த பிறகே வாசலில் கேட்பாஸ் எழுதப்படுகிறது என்றால், ஏற்றுச்சீட்டு முந்தியது என்பதில் ஐயமில்லை. கடிகாரம் என்ன சொன்னாலும் அந்த உறவு மாறாது.

அவர் சொன்ன வழி எளிமையானது. ஒவ்வொரு கருவியும் ஓர் எண்ணிக்கையை வைத்துக்கொள்ளட்டும். புதிய பதிவு எழுதும்போது எண் ஒன்று கூடும். மற்றொரு கருவியின் பதிவைப் பெறும்போது, தன் எண்ணையும் வந்த எண்ணையும் ஒப்பிட்டுப் பெரியதை எடுத்து அதன்மேல் ஒன்றைக் கூட்டிக்கொள்ளட்டும். இப்படிச் செய்தால் காரணமான பதிவின் எண் விளைவான பதிவின் எண்ணைவிட எப்போதும் சிறியதாகவே இருக்கும். எண் சமமாகிவிட்டால் கருவியின் அடையாளத்தை வைத்து ஒரு நிலையான முடிவு செய்துகொள்ளலாம்.

இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். ஒன்றை ஒன்று பார்க்காத இரண்டு கருவிகளின் பதிவுகளில் எது முந்தியது என்று எந்தக் கணிதமும் சொல்லாது. நம் மேகசினின் இரண்டு கருவிகளும் அப்படிப்பட்டவையே. அங்கே தீர்வு வேலை ஏற்பாட்டில் இருக்கிறது. ஒரு மேகசினின் வரவையும் பற்றையும் ஒரே கருவியில் ஒரே பொறுப்பாளர் பதிய வேண்டும். கைமாறும்போது இருப்பை எண்ணி, அந்த எண்ணையும் பதிந்து ஒப்படைக்க வேண்டும். மென்பொருள் எழுதுகிறவர் கிட்டங்கிக்குப் போய் வேலை நடக்கும் முறையைப் பார்க்காமல் இதைக் கண்டுகொள்ள முடியாது.

பட்டாசு முந்தியா, படகு முந்தியா?

தமிழில் பெயர்களைப் பதியும் நமக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. சிங்க் மென்பொருள்கள் சில, இரண்டு பக்கத்துப் பட்டியல்களையும் வரிசைப்படுத்தி, மேலிருந்து கீழே ஒன்றுக்கொன்று ஒத்துப்பார்த்துக்கொண்டே போகும். இரண்டு பக்கமும் ஒரே வரிசை விதியைப் பின்பற்றினால்தான் இது நடக்கும்.

தமிழ் அகராதியில் மெய்யெழுத்து முந்தி, உயிர்மெய் பிந்தி. ஆகவே 'பட்டாசு' முன்னேயும் 'படகு' பின்னேயும் வரும். எழுத்துகளுக்குக் கணினியில் தரப்பட்ட யூனிகோடு எண்களை மட்டும் வைத்து அடுக்கினால் புள்ளியின் எண் பெரியது என்பதால் 'படகு' முந்திவிடும். ழ, ள, ற, ன ஆகியவையும் அந்த எண் வரிசையில் நம் நெடுங்கணக்குக்கு மாறான இடத்தில் நிற்கின்றன. மொபைல் போனில் உள்ள டேட்டாபேஸ் எண் வரிசையிலும், சர்வர் தமிழ் அகரவரிசையிலும் அடுக்கினால் என்ன ஆகும்? ஒரு பெயர் எதிர்பார்த்த இடத்தில் இல்லை என்பதால் நீக்கப்பட்டது என்று முடிவு செய்யும். சற்றுத் தள்ளி அதே பெயரைக் கண்டதும் புதிதாகச் சேர்ந்தது என்று எண்ணும். 'கொ' என்ற எழுத்தை ஒரே குறியாகவும் சேமிக்கலாம். எகரக் குறி, கால் என்று இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும்; கணினிக்கு வேறு வேறு.

விலைப்பட்டியலில் இதன் விளைவை நேராகப் பார்க்கலாம். குருவி வெடி, லட்சுமி வெடி, தரைச்சக்கரம், புஸ்வாணம், கம்பி மத்தாப்பு என்று வியாபாரிகள் மனத்தில் பதிந்த வரிசை ஒன்று உண்டு. அகரவரிசையில் அது கிடையாது. அந்த வரிசை வேண்டுமென்றால் அதற்கென ஓர் எண்ணைப் பதிவுக்குள் எழுத வேண்டும். 10, 20, 30 என்று இடைவெளி விட்டு எழுதினால் நடுவில் புதிய ரகத்தைச் சேர்க்க இடமிருக்கும். அந்த எண்ணை எழுத்தாகச் சேமித்துவிட்டால் 100 வந்து 20க்கு முன்னால் நிற்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

விலைப்பட்டியலில் செய்யும் மாற்றங்களுக்கும் வரிசை முக்கியம். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் உப்பு கலந்த பட்டாசுக்கும் தடை விதித்தது. அதுபோன்ற நாளில் விலைப்பட்டியலிலிருந்து ஒரு ரகத்தை எடுத்த பதிவும், அந்த ரகத்துக்கு வந்த ஆர்டரும் எந்த வரிசையில் சேர்கின்றன என்பது சட்டக் கேள்வியாகவே ஆகிவிடும். தடைக்கு முன் எடுத்த ஆர்டரா, பின் எடுத்ததா என்பதற்குப் பதிவேடுதான் பதில் சொல்ல வேண்டும்.

கோளாறு கண்ட நாளில்

இனி நடைமுறைக்கு வருகிறேன். கருவிக் கணக்கும் சர்வர் கணக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் என்ன செய்வது?

முதல் வேலை, எதையும் செய்யாமல் நிறுத்துவது. மறுபடி சிங்க் கொடுத்துப் பார்ப்போம் என்பதும், கருவியைத் துடைத்துவிட்டுப் புதிதாக இறக்குவோம் என்பதும் தடயத்தை அழிக்கும் செயல்கள். இரண்டு பக்க டேட்டாபேஸையும் அப்படியே நகல் எடுத்துவிட்டு, நகலில் மட்டும் ஆராய வேண்டும்.

அடுத்து மூன்று ஒப்பீடுகள். பதிவுகளின் எண்ணிக்கை ஒத்திருக்கிறதா? மொத்தத் தொகை ஒத்திருக்கிறதா? ஒவ்வொரு வரியின் முடிவிலும் உள்ள இருப்பு ஒத்திருக்கிறதா? எண்ணிக்கையே வேறுபட்டால் பதிவு தொலைந்திருக்கிறது அல்லது இரட்டித்திருக்கிறது. எண்ணிக்கையும் தொகையும் ஒத்து, வரிவாரி இருப்பு மட்டும் வேறுபட்டால் வரிசை புரண்டிருக்கிறது. இப்படிப் பிரித்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

பிறகு இரண்டும் பிரியும் முதல் வரியைத் தேட வேண்டும். அதன்பின் வரும் வேறுபாடுகள் பெரும்பாலும் அந்த ஒன்றின் விளைவுகளே. அந்த இடத்தில் பதிந்த நேரம், அனுப்பிய நேரம், சேர்ந்த நேரம் மூன்றையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரே கருவியின் பதிவுகளில் எண் முன்னேறி, நேரம் பின்னோக்கிப் போனால் கடிகாரம் மாறியிருக்கிறது. ஐந்தரை மணி நேரம் துல்லியமாக வேறுபட்டால் காரணம் சொல்லவே வேண்டாம். எண்களில் 41, 42, 44 என்று இருந்தால் 43 இன்னும் கருவியில் தங்கியிருக்கிறது.

கடைசியாக, கோளாறை வேண்டுமென்றே மறுபடி வரவழைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு கருவிகளை எடுத்து, தொடர்பை அணைத்து, மாறி மாறிப் பதிந்து, தலைகீழ் வரிசையில் சிங்க் செய்யுங்கள். பாதியில் பேட்டரியைத் துண்டியுங்கள். தேதியை மாற்றுங்கள். வரவழைக்க முடிந்த கோளாறைத்தான் தீர்த்துவிட்டோம் என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

தவறான பதிவைத் திருத்தும்போது பழைய வரியை அழித்து எழுதக் கூடாது. நம் கணக்குப்பிள்ளைகள் எதிர்ப்பதிவு போட்டார்கள். அதே முறையில் திருத்தத்தையும் புதிய பதிவாக, காரணத்தோடும் திருத்தியவர் பெயரோடும் எழுத வேண்டும்.

எண் பிறப்பிலேயே வேண்டும்

இத்தகைய கோளாறு வராமல் தடுக்கும் வழி ஒன்றுதான். வரிசை முக்கியம் என்றால் பதிவு பிறக்கும் கணத்திலேயே அதன் எண்ணை அதற்குள் எழுதிவிட வேண்டும். சிவகாசி அச்சகங்களில் தினசரி காலண்டர் தைக்கிறார்கள். தாள்கள் கலைந்து தரையில் விழுந்தாலும் ஒவ்வொரு தாளிலும் தேதி இருப்பதால் மறுபடி அடுக்கிவிடலாம். தேதி அச்சிடாத தாள்களாக இருந்தால் எந்தத் திறமைசாலியாலும் அடுக்க முடியாது.

ஆகவே ஒவ்வொரு பதிவிலும் கருவியின் அடையாளமும், அந்தக் கருவியின் இடைவெளியில்லாத தொடர் எண்ணும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தது உலகில் ஒரே ஒரு பதிவைத்தான் குறிக்கும். அதே எண் இரண்டாம் முறை வந்தால் சர்வர் அமைதியாக ஏற்றுக்கொண்டு, மறுபடி எழுதாமல் விட வேண்டும். நடுவில் ஓர் எண் வரவில்லை என்றால், பின்னால் வந்தவற்றை வாங்கி வைத்துக்கொண்டு, விடுபட்டது வரும்வரை கணக்கில் ஏற்றாமல் காத்திருக்க வேண்டும். பில்லும் அதன் உருப்படிகளும் ஒன்றாகப் போக வேண்டும். பாதி ஏறுவது கூடாது.

சட்டம் இதற்குத் தடை என்று நினைக்க வேண்டாம். மத்திய சரக்கு, சேவை வரி விதிகள் 2017இன் 46ஆம் விதி, பில்லுக்குத் தொடர் எண் வேண்டும், 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது, நிதியாண்டுக்குள் ஒரே எண் இரண்டு முறை வரக் கூடாது என்கிறது. கூடவே ஒன்றுக்கு மேற்பட்ட தொடர்கள் இருக்கலாம் என்றும் அனுமதிக்கிறது. ஆக, ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முன்னொட்டு கொடுத்துத் தனித் தொடர் நடத்தலாம். சர்வரைக் கேட்காமலே கருவி எண் கொடுக்கும், விதியும் மீறப்படாது.

ஒரு வேண்டுகோள்

இந்த மாவட்டத்தில் பொறியியல் கல்லூரிகளும் கலை அறிவியல் கல்லூரிகளும் நிறைய இருக்கின்றன. கணினி அறிவியல் படிக்கும் மாணவ மாணவியருக்குச் சொல்கிறேன். இறுதியாண்டு புராஜெக்ட்டுக்குத் தொலைவில் எதையும் தேட வேண்டியதில்லை. லாரி செட்டுக்குப் போங்கள். கிட்டங்கி வாசலில் நின்று பதிவு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். தொடர்பு இல்லாத இடத்தில் பிறந்து, வரிசை மாறாமல் வீடு சேரும் பதிவேடு ஒன்றைத் தமிழில் எழுதுங்கள். அது இந்தத் தொழிலுக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவி.

ஆலை உரிமையாளர்களுக்கும் ஒரு சொல். மென்பொருள் வாங்கும்போது திரையின் அழகையும் விலையையும் மட்டும் பார்க்காதீர்கள். மூன்று கேள்விகள் கேளுங்கள். கருவியிலேயே தொடர் எண் விழுகிறதா? ஒரே பதிவு இரண்டு முறை வந்தால் என்ன ஆகும்? நடுவில் ஒன்று விடுபட்டால் எனக்கு எப்படித் தெரியும்? இந்த மூன்றுக்கும் செய்து காட்டிப் பதில் சொல்ல முடியாதவரிடம் மேகசின் கணக்கை ஒப்படைக்காதீர்கள். நம் ஆலைகளில் வேலை செய்கிறவர்களின் உயிர் வரம்புகளால் காக்கப்படுகிறது. அந்த வரம்புகள் காக்கப்பட்டனவா என்பதற்குப் பதிவேடுதான் சாட்சி. வரிசை தவறிய சாட்சியம் சாட்சியமாகாது.